சுவரைத் தட்டிப் பார்ப்பவன்

புது வீட்டுக்குள் நுழைந்தால் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்ப்பது என் பழக்கம். மகளுக்கு வாடகை வீடு பார்க்கப் போனபோதும் தட்டினேன். வீட்டுக்காரர் முகம் சுளித்தார். பூச்சு கல்லோடு ஒட்டியிருந்தால் சத்தம் கெட்டியாக வரும். ஒட்டவில்லை என்றால் ‘பொத்’தென்று கேட்கும். அரசுக் கட்டுமானங்களில் உதவிப் பொறியாளராக வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்டது இது.

அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும்போது பணம் எப்படி நகரும் என்று பலருக்குத் தெரியாது. ஒப்பந்ததாரர் வேலையை முடிப்பார். நாங்கள் டேப் பிடித்து அளந்து எம் புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில் எழுதுவோம். மேலதிகாரி சில இடங்களை மறுபடி அளந்து பார்ப்பார். பிறகு பில் பாஸாகும். எம் புக்கில் ‘12 மி.மீ. பூச்சு, இத்தனை சதுர மீட்டர்’ என்று இருக்கும். ஒரு சிமெண்டுக்கு ஐந்து மணல் என்று ஒப்பந்தத்தில் இருந்ததா, நிஜத்தில் எட்டு மணல் விழுந்ததா, பூசிய பிறகு சரியாகத் தண்ணீர் அடித்தார்களா? காய்ந்த சுவரைப் பார்த்து எந்த டேப்பும் இதைச் சொல்லாது. தண்ணீர் அடித்ததைக் கண்ணால் பார்க்காத சுவருக்கும் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு ஆளுக்கு நான்கு பிளாக் என்றால் வேறு என்ன நடக்கும்?

2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில், 1,920 வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்பில், குடியேறியவர்கள் கையால் தொட்டதுமே பூச்சு உதிர்ந்த காட்சி ஊரெல்லாம் பரவியது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் நிபுணர்களைக் கூப்பிட்டார்கள். பொறியாளர்கள் இருவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். எனக்கு உறுத்தியது வேறு. அத்தனை எம் புக், அத்தனை பில், அத்தனை கையெழுத்து. இருந்தும் அந்தக் குறையை முதலில் வெளியே கொண்டுவந்தது குடிவந்தவர்களின் விரல்.

சொந்த மனையில் கட்டுகிறவர்களின் கதை வேறு. 2015-இல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில் அவர்களுக்கு மத்திய அரசு 1.5 லட்சமும், தமிழ்நாடு அரசு 60,000 ரூபாயும் கொடுத்தன. பணம் மொத்தமாக வராது. அடித்தளம், லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாக வீட்டைப் படம் பிடித்து, இடத்தின் குறியீட்டோடு செயலியில் ஏற்றினால்தான் அடுத்த தவணை. ஆனால் செயலியைவிடப் பெரிய காவல், வீட்டுக்காரம்மா. கலவை போடும் இடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ‘இன்னும் அரை மூட்டை போடுப்பா’ என்று கொத்தனாரை விரட்டும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அடுக்குமாடியில் அந்த முக்காலி காலி. குடியிருக்கப்போகிறவர் சாவி வாங்கத்தான் முதல்முறை உள்ளே வருகிறார்.

தணிக்கைத் துறையும் வரும், கட்டி முடித்துச் சில வருஷம் கழித்து. கூடுதலாகக் கொடுத்த தொகை, ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடு, இவை கோப்பில் சிக்கும். மணல் சிக்காது.

ஓய்வுக்குப் பிறகுதான் ஒரு விஷயத்தைக் கவனித்துப் படித்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, காகித நகலோடு நிற்பதில்லை. அதன் 2-ஆவது பிரிவில் ‘ஜே’ உட்பிரிவு, நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. அதாவது, பொது அமைப்பு கட்டும் சுவரிலிருந்து ஒரு துண்டைக் கேட்டு வாங்கலாம். இத்தனை வருஷம் சர்வீஸில் அப்படி ஒரு மனுவை நான் பார்த்ததே இல்லை.

எங்கள் பக்கத்து அரசுக் குடியிருப்பில் இட்லிக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, காலண்டர் மாட்ட ஆணி அடித்தபோது தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்ததாக வந்து சொன்னார். நான் மனு எழுதிக் கொடுத்தேன். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினோம். கவுண்டரில் இருந்த பையன் இரண்டு முறை படித்தான்.

“மாதிரின்னு எழுதியிருக்கீங்களே சார், எந்த மாதிரி?”

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா பையிலிருந்து பேப்பரில் சுற்றிய பூச்சுத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். “இந்த மாதிரி, தம்பி. ஆனா இதை நான் எடுத்தா செல்லாதாம். உங்க ஆபீஸ்காரங்க வந்து எடுத்து சீல் வைக்கணுமாம்.”

பையன் மணலைத் துடைத்துவிட்டு முத்திரை குத்தினான்.