சிலுவையும் வெள்ளிப் பட்டையும்

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப் படையின் குண்டுவீச்சுப் பிரிவில் வழிகணிக்கும் நெவிகேட்டராகப் பறந்த இலங்கையர் ரோஹான் அமரசேகர. டி.எஃப்.சி. எனப்படும் பறத்தல் வீரச் சிலுவை அவருக்கு இருமுறை கிடைத்தது. இரண்டாம் முறை வென்றவருக்குப் புதிய சிலுவை தருவதில்லை. ஊதாவும் வெள்ளையுமாய்ச் சாய்ந்த கோடுகள் கொண்ட பழைய நாடாவிலேயே ஒரு வெள்ளிப் பட்டையை ஏற்றுவார்கள். அந்தப் போரில் ஏறத்தாழ இருபதாயிரம் பேருக்குச் சிலுவை கிடைத்தது. பட்டை பெற்றவர்கள் 1,500 பேர் அளவில்தான்.

நெவிகேட்டரின் கையில் துப்பாக்கி கிடையாது. பென்சில், வரைபடம், கடிகாரம், கணக்குத் தாள் இவைதான். வெளிச்சம் வெளியே கசிந்தால் எதிரி கண்டுகொள்வான் என்பதால் திரை போட்ட மூலையில் சிறு விளக்கடியில் உட்கார்ந்திருப்பார். ஜேர்மனிக்கு மேலே காரிருள். கீழே ஊர்களிலும் விளக்கு எரியாது. காற்றின் வேகத்தை மணிக்குப் பத்து மைல் தப்பாகக் கணித்தால் ஒரு மணி நேரத்தில் விமானம் பத்து மைல் விலகிப் போயிருக்கும். 1942இல் ‘ஜீ’ என்னும் வானொலிக் கருவி துணைக்கு வந்தது. எதிரி அதையும் குழப்பிவிட்டான். சுற்றிலும் குண்டுகள் வெடித்து விமானம் குலுங்கும்போது, சில நிமிடத்துக்கொரு முறை இருப்பிடத்தைத் திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும். எல்லோரும் வீடு திரும்புவது அந்தக் கணக்கில்தான் இருந்தது.

பொதுவாக முப்பது பறப்புகள் முடித்தால்தான் ஓய்வு. குண்டுவீச்சுப் பிரிவில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டார்கள். அந்த இழப்புகளுக்கு நடுவே வந்தவை அமரசேகரவின் இரு விருதுகளும்.

பதக்கம் எல்லோரையும் சமமாகப் பார்ப்பதில்லை. 1940 மே 12 அன்று பெல்ஜியத்தின் வெல்ட்வேசெல்ட் பாலத்தைத் தாக்கிய விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானி டொனால்ட் கார்லண்டுக்கும் வழிகணித்த தோமஸ் கிரேக்கும் விக்டோரியா சிலுவை கிடைத்தது. அதே விமானத்தில் அவர்களோடு செத்த லோரன்ஸ் ரேனல்ட்ஸுக்கு எதுவுமில்லை. மூவருக்கும் ஒரே சாவு. இந்தப் பாகுபாட்டை எந்த விதியைச் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

நம் கடலிலும் இதைப் போன்ற ஒரு சம்பவம் உண்டு. 1942 ஏப்ரல் 4 அன்று கொக்கலையிலிருந்து புறப்பட்ட கட்டலினா விமானம் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு கொழும்புக்குச் செய்தி அனுப்பியது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டுகள் விழுந்தபோது துறைமுகம் ஓரளவு ஆயத்தமாக இருந்தது. விமானி லென் பர்ச்சலை ‘இலங்கையின் இரட்சகர்’ என்று உலகம் கொண்டாடுகிறது. அந்தப் பெருமை அவருக்குத் தகும். ஆனால் கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று சொல்லாத எச்சரிக்கையால் பயனில்லை. நடுக்கடலில் அதைக் கணக்கிட்டுச் சொல்வது நெவிகேட்டரின் பொறுப்பு. அந்த விமானத்தின் நெவிகேட்டர் ஓனியட்டின் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்போம்?

சப்ரகமுவ மலைகளையும் இந்தப் போர் விடவில்லை. 1942இல் மலாயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் ஜப்பான் வசமானதும், நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் தந்த முக்கிய இடமாக இலங்கை ஆயிற்று. விமானச் சக்கரத்துக்கு இறப்பர். குண்டு துளைத்தாலும் துளை தானே அடைபடும் எரிபொருள் தாங்கிக்கும் இறப்பர். கடலில் விழுந்தவர்களைக் காத்த மிதவைப் படகுக்கும் அதுவே. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, இரத்தினபுரிப் பக்கங்களில் விடியுமுன் வேலை பகிரும் பெரட்டுக்குப் போய், வாளியும் கத்தியுமாக மலை ஏறிய தொழிலாளர்கள் வெட்டிய பால் இந்தப் போருக்குத்தான் போனது. மரம் பட்டுப்போனாலும் போகட்டும் என்று பால் வெட்டைக் கூட்டினார்கள். மழைநாள் அதிகமான இந்த மாவட்டங்களில் அந்த வேலை எவ்வளவு பாடு என்பதை லயத்துப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. போர் முடிந்து மூன்றாண்டில், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இத்தொழிலாளர்கள் உள்ளிட்ட மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

போரில் பறந்த அமரசேகரவோ 1962இல் இலங்கை விமானப் படையின் தளபதியானார். 1951இல் தொடங்கிய அந்தப் படைக்கு அதுவரை பிரித்தானியரே தலைமை தாங்கியிருந்தார்கள். அப்பதவிக்கு வந்த முதல் இலங்கையர் இவர். 1970 வரை அதில் இருந்தார்.

அந்தப் போருக்காக 1942இல் பத்து வயதில் அம்மாவோடு சிரட்டைகளில் இறப்பர்ப் பால் சேர்க்கப் போனவர்களுக்கோ இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் மாணவர்களை அனுப்பி, அவர்களின் பேச்சை இந்த ஆண்டே பதிவு செய்யத் தொடங்கலாம்.