கடற்கரைக்கு வேலி போடாத ஊர்

கடலைப் பார்த்தாற்போல் வீடு வாங்கப் பணம் வேண்டும். ஆனால் அந்தக் கடற்கரை மணலில் உட்காரப் பணம் வேண்டாம். பிரேசில் நாட்டில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். கடற்கரைகள் பொதுஜனங்களின் சொத்து, யாரும் எப்போதும் தடையின்றிப் போய் வரலாம் என்று 1988-ம் ஆண்டின் 7661-ம் எண் சட்டம் சொல்கிறது. ரியோ டி ஜெனிரோ நகரத்துக் கோபகபானா கரையில், 1923-ல் திறக்கப்பட்ட ஆடம்பர ஓட்டலுக்கு நேர் எதிரே, அந்த ஓட்டலின் ஒரு நாள் வாடகையைக் கனவிலும் கொடுக்க முடியாதவன் துணியை விரித்துப் படுத்திருப்பான். அவனை எழுந்திருக்கச் சொல்ல ஓட்டல்காரருக்கு உரிமை கிடையாது.

முதுகில் ஒரே ஒரு பையுடன் சிக்கனமாக உலகம் சுற்றும் வாலிபர்கள் இந்த ஊரைத் தேடி வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஊரின் தலைசிறந்த காட்சிக்கு டிக்கெட் இல்லை.

1502-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி போர்ச்சுகீசியர் இந்த விரிகுடாவுக்குள் நுழைந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. அதனால் 'ஜனவரி நதி' என்ற பொருளில் பெயர் வந்தது. நகரம் எழுந்தது 1565-ல். அதே போர்ச்சுகீசியர்தான் 1534 முதல் வசாயையும் மும்பைத் தீவுகளையும் கையில் வைத்திருந்து, 1661-ல் மும்பையைச் சீதனமாக ஆங்கிலேய அரசருக்கு எழுதிக் கொடுத்தவர்கள். தமிழிலும் அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள் ஏராளம். ரியோவில் ஜன்னலுக்கு 'ஜனேலா', மேசைக்கு 'மேசா', அலமாரிக்கு 'அர்மாரியோ' என்கிறார்கள். மொழி தெரியாமல் போய் இறங்கும் தமிழனுக்கு நாலைந்து வார்த்தை முன்கூட்டியே தெரிந்திருக்கும்!

செலவு எங்கே, சிக்கனம் எங்கே?

பெருஞ்செலவு விமான டிக்கெட்தான். ஆப்பிரிக்காவிலோ, வளைகுடாவிலோ, ஐரோப்பாவிலோ விமானம் மாறிப் போக வேண்டும். இந்தியர்களுக்கு விசா அவசியம். இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரேசிலிலிருந்து திரும்பி வருகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இருக்கிறதா என்று நம் நாட்டு விமான நிலையத்தில் பார்ப்பார்கள். இல்லாதவரைத் தனிமையில் நிறுத்தி வைக்கலாம். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னதாக, அரசு அங்கீகரித்த நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்டால் கவலை இல்லை. ஒருமுறை போட்டது ஆயுளுக்கும் செல்லும்.

போய்ச் சேர்ந்த பிறகு செலவு கைக்குள் அடங்கும். ஒரே அறையில் மேலும் கீழுமாக ஆறு, எட்டு கட்டில் போட்ட விடுதிகள் உண்டு. மும்பையில் பத்துப் பேருடன் ஓர் அறையில் காலந்தள்ளியவருக்கு இது புதிதாகத் தோன்றாது. சாமானைப் பூட்டி வைக்கப் பெட்டி இருக்கும். பூட்டை நாம்தான் கொண்டு போக வேண்டும். புத்தாண்டுக்கும் கார்னிவல் திருவிழாவுக்கும் வாடகை தாறுமாறாக ஏறும். நமக்கு வெயில் காலம் என்றால் அவர்களுக்குக் குளிர் காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெப்பம் இதமாக இருக்கும்.

சாப்பாட்டுக் கடைகளில் ஒரு வேடிக்கை. தட்டில் வேண்டியதைப் போட்டுக்கொண்டு தராசில் வைக்க வேண்டும். எடைக்குத் தகுந்த காசு. பசியில்லாதவன் அடுத்தவன் பசிக்குச் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இன்னும் மலிவு, 'பிராத்தோ பெய்த்தோ' என்ற தட்டுச் சாப்பாடு. சோறு, பயறு, ஒரு கறித்துண்டு, வறுத்த மரவள்ளி மாவு. நம்மவர் வயிற்றுக்கு ஒத்துப்போகும். சைவர்கள் மட்டும் பயற்றில் பன்றிக்கறி போட்டிருக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

அந்த மரவள்ளியின் பூர்வீகமே தென் அமெரிக்காதான். நாம் உரிமையோடு நம்முடையது என்று சொல்லும் முந்திரியும் பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. பதிலுக்குத் தென்னை இந்துமகா சமுத்திரக் கரைகளிலிருந்து ஆப்பிரிக்கா வழியாக பிரேசிலுக்குப் போனது. கோபகபானாவில் குளிர வைத்து விற்கும் இளநீர், ஒருவகையில் நமக்குப் பங்காளி.

மணலில் நடந்து விற்பவர்களைப் பார்க்க வேண்டும்! இரண்டு தோளிலும் இரண்டு தகர டிரம். ஒன்றில் ஜில்லென்ற மாத்தே இலைத் தேநீர், மற்றதில் எலுமிச்சைச் சாறு. கேட்டால் இரண்டையும் கலந்து கொடுப்பார்கள். இன்னொரு கையில் காற்றுப் போல் லேசான மரவள்ளி பிஸ்கட். நெருப்பாய்ச் சுடும் மணலில் இந்தச் சுமையோடு நாள் முழுவதும் நடப்பது வேடிக்கையான பிழைப்பு அல்ல.

துவாலை எடுத்துப் போக வேண்டியதில்லை. அங்கே துவாலையோடு வருகிறவனை வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். உள்ளூர்வாசிகள் 'கங்கா' என்ற மெல்லிய பருத்தித் துணியை விரிக்கிறார்கள். நம் கைலி அந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். செல்போனையும் பாஸ்போர்ட்டையும் விடுதிப் பெட்டியில் பூட்டிவிட்டு, அன்றைய செலவுக்கு மட்டும் பணத்துடன் கடற்கரைக்குப் போவதே அனுபவசாலிகளின் வழக்கம். பறிப்புத் திருட்டுக்கு ரியோ பேர் போன ஊர்.

மலை ரயிலும் டிராமும்

கொர்கொவாடோ மலையின் உயரம் சுமார் 710 மீட்டர். உச்சியில், 1931-ல் எழுப்பிய 30 மீட்டர் உயர ஏசுநாதர் சிலை கைகளை விரித்து நிற்கிறது. சிலைக்கு 47 ஆண்டு மூத்தது அங்கே ஏறும் ரயில். 1884-ல் சக்கரவர்த்தி இரண்டாம் பெட்ரோ அதைத் தொடங்கி வைத்தார். நம் ஊட்டி மலை ரயிலைப் போலவே மீட்டர் கேஜ், தண்டவாளத்துக்கு நடுவே பல் சட்டம். ஆனால் 1910-லேயே மின்சாரத்துக்கு மாறிவிட்டது. சிலை கட்டுவதற்கான சாமான்களும் இந்த ரயிலில்தான் ஏறின. கட்டணம் அதிகமானாலும் கொடுக்கலாம்.

சாந்தா தெரேசா மலைக் குடியிருப்புக்குப் போகும் டிராமின் கதை வேறு. பதினெட்டாம் நூற்றாண்டில் தண்ணீர் கொண்டுவரக் கட்டிய வளைவுப் பாலத்தின் மேல் 1896 முதல் அது ஓடியது. சில்லறைக் காசுதான் கட்டணம். படியில் தொற்றிக்கொண்டு போனால் அதுவும் இல்லை. 2011 ஆகஸ்ட் 27-ல் பிரேக் பிடிக்காமல் ஒரு டிராம் கவிழ்ந்தது. ஆறு பேர் மாண்டார்கள். ஓட்டுநரும் அதில் ஒருவர். பழுது பார்ப்பதில்லை என்று குடியிருப்பவர்கள் முன்பே முறையிட்டு வந்திருக்கிறார்கள். பிரேக்கில் திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் கம்பியைக் கட்டியிருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. ரயில்வேயில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய நான்கு ஆண்டுக்குப் பிறகு, 2015-ல் புது வண்டிகளுடன் ஒரு பகுதி மறுபடி ஓடத் தொடங்கியது. படிப் பயணம் ஒழிந்தது. வெளியூர்க்காரருக்குக் கட்டணமும் பல மடங்கு ஏறியது.

யாருடைய கடற்கரை?

வேலி இல்லை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் மணலுக்கு வந்து சேர வேண்டுமே! தொழிலாளர்கள் பெரும்பாலும் வசிப்பது மலைகளுக்கு அந்தப் பக்கம், நகரின் வடபகுதியில். 1967-ல் மலையைக் குடைந்து ரெபோசாஸ் சுரங்கச் சாலை திறந்த பிறகுதான் அவர்களுக்குத் தென்கரை கிட்டத்தில் வந்தது. மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது 1979-ல். ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தை குட்டிகளோடு, வீட்டில் சமைத்த சாப்பாட்டை மூட்டை கட்டிக்கொண்டு வருகிறார்கள். கரையோரத்துக் கனவான்கள் இவர்களுக்கு 'பரோபேரோ' என்று ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். மரவள்ளி மாவுக்காரன் என்று அர்த்தம். ரயிலில் புளிச்சோற்று மூட்டையை அவிழ்க்கும்போது பக்கத்து இருக்கைக்காரர் முகத்தைச் சுளிப்பதை அனுபவித்தவர்களுக்கு அந்தப் பெயரின் குத்தல் புரியும்.

குத்தலோடு நின்றுவிடவில்லை. கடற்கரையில் கும்பலாக வந்து பறிக்கும் இளைஞர்களைத் தடுப்பதாகச் சொல்லி, 2015-ல் தென்கரைக்கு வந்த பஸ்களைப் போலீசார் நிறுத்தினார்கள். எந்தக் குற்றமும் செய்யாத ஏழைப் பையன்களையும் இறக்கிக் கொண்டுபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். ஏழைகளுக்காக வாதாடும் அரசு வழக்கறிஞர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். குற்றம் செய்யும்போது பிடிபட்டாலன்றி யாரையும் அப்படிப் பிடிக்கக் கூடாது என்று நீதிபதி உத்தரவிட்டார்.

பணக்காரக் கரைக்கு மேலேயே குன்றுகளில் ஏழைகளின் வீடுகள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. 'பவேலா' என்பது அவற்றுக்குப் பெயர். நகர ஜனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கேதான் வாழ்கிறார். முதல் பவேலா 1897 வாக்கில், மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பிராவிடென்சியா குன்றில் உருவானது. கனுடோஸ் போரில் சண்டையிட்டுத் திரும்பிய சிப்பாய்கள், வாக்களித்த வீடு கிடைக்காததால் தாங்களே குடிசை போட்டுக்கொண்டார்கள். இன்று அந்தக் குன்றுகளிலிருந்து இறங்கி வருகிறவர்கள்தான் ஓட்டல் அறைகளைப் பெருக்குகிறார்கள், பஸ் ஓட்டுகிறார்கள். வெள்ளைக்காரப் பயணிகளை ஜீப்பில் ஏற்றி இந்த வீடுகளைக் காட்டும் வியாபாரமும் நடக்கிறது. தாராவியில் அந்தக் கூத்தைப் பார்த்தவர்கள் காசு கொடுத்து ரியோவிலும் பார்க்க வேண்டியதில்லை.

அதைவிட, ஞாயிறு மாலை இபனேமா கரையின் ஓரத்திலுள்ள அர்ப்பொவாடோர் பாறைக்குப் போகலாம். கடற்கரைச் சாலையில் ஒரு பக்கம் அன்று மோட்டார் வண்டிகள் ஓடாது. நடந்தே போய்விடலாம். சூரியன் மறையும் நேரத்தில் பாறை முழுவதும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். மறைந்ததும் எல்லோரும் கை தட்டுவார்கள். பிறகு மூட்டைகளைக் கட்டிக்கொண்டு, மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் மெட்ரோ நிலையத்துக்கு நடப்பார்கள்.