தோலும் குச்சியும் – 9: துவாய் சுற்றிய போத்தல்

கடந்த வாரம் பெரட்டுத் தப்போடு நிறுத்தியிருந்தேன். விடியுமுன் லயங்களை எழுப்பி, ஆட்களைப் பெரட்டுக் களத்துக்கு வரவழைத்த அந்த அடியைத் தன் தகப்பனாரிடம் கற்றுக்கொண்ட பெரியவர் ஒருவரோடு இந்த வாரம் ரிவர்ஸ்டனுக்கு ஏறினேன். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக வேன் பயணம். தேயிலை முடிந்து காடு தொடங்கியதும் பனிமூட்டம் கண்ணாடியில் வந்து அப்பிக்கொண்டது. தொலைத்தொடர்புக் கோபுரத்துக்குக் கீழே, காற்று ஆளையே தள்ளுகிற அந்த வளைவில் வேனை நிறுத்தினோம். பெரியவர் இறங்கவில்லை. மடியில் தப்பு, பழைய சாரத்தால் சுற்றியபடி.

“இந்த ஈரத்துல வெளிய எடுத்தா தோலு தொங்கிப்போயிரும் ஐயா. நெருப்புக் காட்டாம பேசாது.”

வேன் ஓட்டி வந்த தம்பி பாட்டுப் போட்டார். மாயா அருள்பிரகாசம், உலகம் மியா என்று அழைப்பவர், பாடிய ‘பேப்பர் ப்ளேன்ஸ்’. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986இல் அகதியாக லண்டனுக்கே திரும்பியவர். அந்தப் பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு ஓடுகிறது என்று சொல்லி, என் போனில் அதைப் போட்டுக் காட்டினேன். ‘தி க்ளாஷ்’ குழுவின் ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’. பெரியவருக்கு அதில் ஒரு சொல்லும் புரிந்திருக்காது. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார்.

“பெரிய மோளத்த யாரோ துணியால பொத்தி அடிக்கிறாங்க.”

எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. அது உண்மை. 1981 கடைசியில், நியூயோர்க்கின் எலெக்ட்ரிக் லேடி ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தது அது. இந்தப் பாட்டுக்கு வழக்கமான ரொக் அடி எதுவும் பொருந்தாது என்று கண்டுகொண்ட ட்ரம் வாத்தியக்காரர், பிரேசிலின் போசா நோவா நடையைக் கையில் எடுத்தார். பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரைக் கூப்பிட்டு, துவாய் சுற்றிய லெமனேட் போத்தல் ஒன்றைக் கையில் கொடுத்து, பேஸ் ட்ரம்மின் முன்பக்கத்தில் அடிக்கச் சொன்னார். பாடகர் அடித்தார். அந்த மொத்தென்ற ஒலிதான் பெரியவரின் காதில் விழுந்தது.

அந்த வாத்தியக்காரர் நிக்கலஸ் ‘டொப்பர்’ ஹெடன். 1955இல் கென்ட் மாவட்டத்தின் ப்ரோம்லியில் பிறந்தவர். படித்தது டோவரில், ஐரோப்பாவிலிருந்து கப்பல்கள் வந்தணையும் துறைமுக நகரத்தில். 13 வயதில் பந்து விளையாடிக் காலை முறித்துக்கொண்டார். கால் தேறும் நாட்களில் ட்ரம் கைக்கு வந்தது. ‘டொப்பர்’ என்ற சித்திரக்கதை இதழில் வந்த குரங்கைப் போல இருக்கிறார் என்று சொல்லி, குழுவின் போல் சிமனன் வைத்த பட்டப்பெயர் அது. அதுவே நிலைத்துவிட்டது.

பங்க் ரொக் என்றால் மூன்று கோர்டு, தலைதெறிக்கும் வேகம், கோபம் என்றிருந்த காலம். 1977இல் க்ளாஷின் முதல் இசைத்தட்டில் ட்ரம் வாசித்தவர் டெரி சைம்ஸ். அவர் விலகிய இடத்துக்கு ஹெடன் வந்தார். ஜாஸும் சோலும் கேட்டுப் பழகிய கை. அடுத்த இசைத்தட்டைத் தயாரித்த சாண்டி பேர்ல்மன், ஒரு அடிகூடப் பிசகாத அவர் காலக்கணக்கைப் பார்த்து ‘மனித ட்ரம் இயந்திரம்’ என்று பெயர் வைத்தார். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. பிசகாதது இயந்திரத்துக்கும் வரும். எந்தப் பாட்டுக்கு எதை அடிக்கக்கூடாது என்று தெரிவது மனிதக் காதுக்கு மட்டுமே. ரெகே, ஸ்கா, ஜாஸ், ஃபங்க் எல்லாம் ‘லண்டன் கோலிங்’ என்ற ஒரே இசைத்தட்டுக்குள் அடங்கியதற்கு, இவர் கையும் காலும் அவ்வளவுக்கும் இடம் கொடுத்ததே பெரிய காரணம் என்பேன்.

அதே எலெக்ட்ரிக் லேடியில், மற்றவர்கள் வந்து சேருமுன் தனியாக உட்கார்ந்து ட்ரம், பியானோ, பேஸ் கிட்டார் மூன்றையும் தானே வாசித்து ஒரு மெட்டைப் பதிந்து வைத்தார். ஸ்ட்ரம்மர் சொற்களை எழுத, அது ‘ரொக் த காஸ்பா’ ஆனது. அமெரிக்காவில் 8ஆம் இடம் வரை ஏறிய பாட்டு. அதன் வீடியோவில் ட்ரம்முக்குப் பின்னால் இருப்பது டெரி சைம்ஸ். 1982 மே மாதத்தில், 27 வயது நிறைவதற்குச் சில நாட்கள் முன்னமே, ஹெடன் குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். காரணம் ஹெரோயின்.

அதன் பிறகான ஆண்டுகளை நீட்டிச் சொல்ல எனக்கு மனமில்லை. சிறை, வாடகைக் கார் ஓட்டுதல், லண்டன் சுரங்க ரயில் நிலையத்தில் போவோர் வருவோருக்கு வாசித்துக் காசு வாங்கியது. க்ளாஷ் பற்றி டொன் லெட்ஸ் எடுத்த ஆவணப்படத்தில் கமராவைப் பார்த்து, தன்னால் நேர்ந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். அந்தக் காட்சியில் அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

2007இல் மியாவின் ‘கலா’ இசைத்தட்டு வந்தது. தன் தாயின் பெயரையே அவர் அதற்கு வைத்தார். ஒரு பாட்டில் நம் உறுமி முழங்க, இன்னொரு பாட்டில் ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’லின் தொடக்கம் சுற்றிச் சுற்றி ஓடியது. வந்த நாட்டில் வேண்டாதவர்களாக நிற்கும் மனிதர்களைப் பற்றி 1982இல் வெளிவந்த பாட்டு அது. அதன் மேலேறி நின்று விசா, எல்லை, பணம் என்று பாடினார் ஒரு தமிழ் அகதிப் பிள்ளை. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் 4ஆம் இடம். அதை எழுதியவர்கள் பட்டியலில் அருள்பிரகாசத்தோடு ஹெடனின் பெயரும் இருக்கிறது.

இதைச் சொன்னபோது பெரியவர் உடனே ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்:

“மோளம் அடிச்சவன் பேரையும் போட்டாங்களா?”

“போட்டாங்க ஐயா.”

“எங்கப்பாவ தொரையும் கணக்கப்புள்ளையும் தப்புக்காரான்னுதான் கூப்பிட்டாங்க. செத்த அன்னைக்கும் அப்படித்தான்.”

2008 ஜனவரியில், லண்டன் போர்டோபெல்லோவில் பழைய க்ளாஷ் தோழர் மிக் ஜோன்ஸின் மேடையில் ஹெடன் மீண்டும் உட்கார்ந்தார். கால் நூற்றாண்டுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். ஸ்ட்ரம்மர் இறந்து ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

ரிவர்ஸ்டனைத் தாண்டி இலுக்கும்புர பக்கம் இறங்க, பனி விலகி வெயில் வந்தது. பிட்டவல பத்தனைப் புல்வெளிக்கு முன்னால், தேத்தண்ணிக் கடையடுப்பின் அருகே பெரியவர் சாரத்தை அவிழ்த்தார். தோலை நெருப்புக்குக் காட்டி, திருப்பி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி காட்டினார். நான்காம் முறை சுண்டியதும் தலையாட்டினார். ஒரு கையில் மெல்லிய நீளக் குச்சி, மறுகையில் தடித்த குட்டைக் குச்சி.

“அந்த வெள்ளக்காரன் பாட்ட இன்னொரு தரம் போடு தம்பி,” என்றார்.