சாமைக் காட்டுப் பரண்



சவ்வாது மலை என்றதும் கோடை விழாவும் பீமன் நீர்வீழ்ச்சியும் பலருக்கு நினைவில் எழும். நமக்கோ சாமைக் காட்டுப் பரணே முதலில் தோன்றுகிறது. காவலூருக்கு அருகில், ஐம்பது வீடுகள்கூட இல்லாத மலைச் சிற்றூரொன்றில் 1970ஆம் ஆண்டு பிறந்தோம். மலையாளி என்பது நம் பழங்குடியின் பெயர். கேரளத்தில் எந்த ஊர் என்று குருமடத்தில் நம்மைக் கேளாதார் இலர்!

ஆடி மழைக்கு விதைத்த சாமை ஐப்பசியில் முற்றும். பகலில் கிளிகளும் இரவில் காட்டுப் பன்றிகளும் கதிருக்கு வரும். பாட்டனாரும் நாமும், பக்கத்துக் காட்டுக்காரரின் மகனான நம் தோழனும் பரணில் காவலிருப்போம். கடிகாரம் கிடையாது. அறுமீன் தலைக்கு நேரே வந்தால் நள்ளிரவு. வரிசையாய் நிற்கும் மூன்று மீன்கள் மேற்கே சாய்ந்தால் விடியல் நெருங்கிற்று என்று பாட்டனார் கணித்துச் சொல்வார்.

அதே வானத்தை அறிஞர் சிலரும் விழித்திருந்து நோக்கினர். 1968இல் தொடங்கிய காவலூர் வானாய்வகத்தில் 1972 முதல் ஒரு மீட்டர் தொலைநோக்கி இயங்கிற்று. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதன் வளையங்களுக்கான தடயத்தைப் பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. அன்றிரவு நாம் மண்ணெண்ணெய் விளக்கை அணைத்துவிட்டு உறங்கியிருப்போம். 1986 ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் இராஜீவ் காந்தி பெரிய தொலைநோக்கியைத் திறந்து வைத்தார். “அந்த வெள்ளைக் குடத்துக்குள்ளே இருக்கிறவங்களுக்கு மழை வர்ற நாள் தெரியுமாடா?” என்றுதான் பாட்டனார் கேட்டார்.

ஊர்ப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. 1980இல் குருவானவர் ஒருவர் அடிவாரத்து விடுதியில் எங்கள் இருவருக்குமே இடம் தருவதாகச் சொன்னார். மாடு மேய்க்க ஆளில்லை என்று தோழனின் தந்தை மறுத்துவிட்டார். நாம் மட்டும் தகரப் பெட்டியுடன் மலையிறங்கினோம். தோழன் பாதி வழிவரை பெட்டியைச் சுமந்து வந்தான்.

2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 பேரைக் காவல்துறையினர் சுட்டுக் கொன்றனர். நம் மலையைச் சேர்ந்தோரும் அவர்களுள் இருந்தனர். முன்பணத்தைக் காட்டி மேஸ்திரிகள் அழைத்துச் செல்வதும், வேலையென்று போனவர் எங்கே போனார் என்பது வீட்டாருக்கே தெரியாதிருப்பதும் அந்நாளில் வழக்கமாகிவிட்டிருந்தன. இரண்டொரு நாளில் தோழன் நாளிதழைச் சுருட்டிக்கொண்டு நம் பங்கு இல்லத்துக்கு வந்தான். அவன் மகன் சென்று பன்னிரண்டு நாள்களாகியிருந்தன.

தோழனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆயினும் நம்மிடமே தாளை நீட்டினான். பெயர், ஊர், வயது என்று ஒவ்வொன்றாக வாசித்தோம். மகன் பெயர் இல்லை.

“இன்னொரு தரம் படியுங்க, சாமி” என்றான்.

பரணில் நம்மை ‘டேய்’ என்றழைத்தவன் அவன். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தோம்.

ஒன்பது நாள் கழித்து மகன் குடகிலிருந்து திரும்பினான். காப்பித் தோட்டத்துக்குத்தான் போயிருந்தான். அந்த வாரமே தோழன் ஒரு படி சாமை கொடுத்தனுப்பினான். உமி சரியாகப் போகவில்லை என்று நம் சமையற்காரர் முணுமுணுத்தார். நாம் மூன்று நாள் அதையே உண்டோம்.