பனியில் கார் "மக்கர்": பேட்டரியைப் பாருங்க!

தளவானூர்—
"டக்... டக்..." மார்கழி விடியலில் சாவியைத் திருகினால் இந்தச் சத்தம்தான். கார் அசையலே!

செஞ்சி அருகே உள்ள தளவானூர், மகேந்திரவர்மப் பல்லவன் பாறையைக் குடைந்து கோவில் எடுத்த ஊர். ஊட்டி மாதிரி உறைபனி இங்கே கிடையாது. இந்தச் சின்னக் குளிருக்கே கார் படுத்தால், பேட்டரிக்கு வயசாகிவிட்டதோ என்று சந்தேகப்படணும். குளிரில் பேட்டரிக்குள் ரசாயன வேலை மந்தம், ஆயிலும் கெட்டி.

ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருகுங்கள். வெளிச்சம் மங்கினால் பேட்டரி டவுன். டெர்மினலில் பூத்த வெள்ளையைத் துடைத்து முடுக்கினாலே சில வண்டி கிளம்பிவிடும். செல்ப் வேகமாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் பெட்ரோல், பிளக்கைப் பார்க்கணும். டீசல் வண்டியா? டேஷ்போர்டில் சுருள் விளக்கு அணையும்வரை பொறுக்கணும்.

கிளம்பியதும், "சூடாகட்டும்" என்று மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டு உட்காராதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஆளைக் கொன்றுவிடும்!