அணை நீரும் ஆற்று மீனும்



பால் காட்டிலோ செம்பனைக் காட்டிலோ வேலை முடிந்ததும், ஒரு தூண்டிலும் ஒரு டப்பா மண்புழுவுமாக ஆற்றங்கரைக்குப் போவது நம் தோட்டங்களில் பல தலைமுறையாக இருந்துவரும் பழக்கம். குழம்புக்கு நாலு மீன் கிடைக்கும். மனத்துக்கும் ஓய்வு. ஆற்றின் குணத்தையும் நம் பெரியவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். மலைப்பக்கம் மேகம் கறுத்தால் ஆற்றில் இறங்கமாட்டார்கள். நீர் கலங்கிச் சருகும் குச்சியும் மிதந்து வந்தால் உடனே கரையேறிவிடுவார்கள்.

ஆனால் இந்த அறிவு மட்டும் போதாத ஓர் இடம் உண்டு. அதுதான் அணைக்கட்டுக்குக் கீழே ஓடும் ஆறு. இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பயிற்சிக் கல்லூரியை முடித்து, மலையடிவாரத் தோட்டப் பள்ளி ஒன்றுக்கு ஆசிரியனாகப் போன முதலாண்டு அது. ஒரு விடுமுறை நாளில், என் மாணவன் ஒருவனின் தகப்பனாரோடு மீன் பிடிக்கப் போனேன். வானத்தில் ஒரு மேகத் துணுக்குக்கூட இல்லை. ஆற்று நடுவே இருந்த பாறையில் நான் உட்கார்ந்திருந்தேன். போகும்போது முழங்காலளவு தண்ணீரில் நடந்துதான் அந்தப் பாறைக்குப் போனேன். சற்று நேரத்தில் கரையிலிருந்து அவர் கத்தினார்: "சார், தூண்டிலைப் போட்டுட்டு வாங்க! மேலே தண்ணி தொறந்துட்டாங்க!" நான் இறங்கியபோது தண்ணீர் இடுப்புக்கு மேல் இழுத்துக்கொண்டு போனது. அவர் நீட்டிய மூங்கில் கழிதான் என்னைக் கரை சேர்த்தது.

அன்றிலிருந்து, அணை திறந்தால் ஆற்றுக்கு என்ன ஆகிறது, அதில் வாழும் மீனுக்கு என்ன ஆகிறது என்பதைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். அப்படிப் படித்தவற்றில், அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் வாழும் டிரவுட் மீனின் கதை நமக்கு நல்ல பாடமாக இருக்கும். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

டிரவுட் குளிர்நாட்டு மீன். நம் ஆறுகளில் நாம் பிடிக்கும் மீன் அல்ல. ஆனால் தமிழ்நாட்டு நீலகிரி மலையில் இதைப் பார்க்கலாம். அங்கே அவலாஞ்சியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் குஞ்சு பொரிப்பகம் அமைத்து இதை வளர்த்தார்கள். குளிர்ந்த நீரில் பிராணவாயு அதிகமாகக் கரைந்திருக்கும். டிரவுட் மீனுக்கு அந்தப் பிராணவாயு நிறைய வேண்டும். ஏறத்தாழ 10 முதல் 16 பாகை வெப்பமுள்ள நீரில் அது செழிக்கும். 25 பாகை வந்தால் அதன் உயிருக்கே ஆபத்து.

இந்த மீன் முட்டையிடும் முறையைக் கேளுங்கள். பெண்மீன் ஆற்றுப் படுகையில் சரளைக்கல் இருக்கும் இடமாகப் பார்த்து, வாலால் அடித்து அடித்துப் பள்ளம் பறிக்கும். அதில் முட்டையிட்டு, மேலே கல்லைத் தள்ளி மூடிவிடும். கல்லிடுக்கு வழியாக ஓடும் தண்ணீரே முட்டைக்குப் பிராணவாயுவைக் கொண்டு சேர்க்கிறது. அந்த இடுக்கில் சேறு அடைத்துக்கொண்டால் முட்டை மூச்சு முட்டி அழுகிப்போகும். தண்ணீர் வடிந்து கல் வெளியே தெரிந்தாலோ முட்டை காய்ந்துபோகும்.

இப்போது ஒரு கேள்வி. மழை வெள்ளம் மீனுக்கு நல்லதா, கெட்டதா? இரண்டும்தான். அளவான வெள்ளம் வந்தால், கல்லிடுக்கில் படிந்த சேற்றைக் கழுவிப் படுகையைச் சுத்தம் செய்துவிடும். கரையிலுள்ள புழு பூச்சிகளை ஆற்றுக்குள் அடித்து வந்து மீனுக்கு இரையாக்கும். வெள்ளம் அளவு மீறினால் கல்லையே புரட்டி முட்டைகளை அடித்துக்கொண்டு போய்விடும். பெரிய மீன்கள் பாறை மறைவிலும் கரையோரத் தேக்கத்திலும் ஒதுங்கித் தப்பித்துக்கொள்ளும். குஞ்சுகள் பாவம், பல அழிந்துபோகும். ஆனாலும் மழைவெள்ளம் பருவம் பார்த்து வருவது. எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக அதற்கு ஏற்றபடிதான் மீன்கள் முட்டையிடும் காலத்தை வைத்துக்கொண்டிருக்கின்றன.

அணை அந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

கொலராடோ ஆற்றின் குறுக்கே, அரிசோனா மாநிலத்தில் கிளென் கேன்யன் என்னும் அணை இருக்கிறது. உயரம் 216 மீட்டர். 1963-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அதில் நீரைத் தேக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு அந்த ஆறு செம்மண் கரைந்து, தேநீர் நிறத்தில் ஓடியது. கோடையில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், குளிர்காலத்தில் உறைநிலையை எட்டும். அணை வந்தபின் வண்டல் முழுவதும் ஏரிக்குள்ளேயே படிந்துவிட்டது. மின் நிலையத்துக்கு நீர் எடுக்கும் குழாய்கள் ஏரியின் ஆழத்தில் இருந்தன. ஆழத்து நீருக்கு வெயில் எட்டாது அல்லவா? ஆகவே அணைக்குக் கீழே, பாலைவனத்தின் நடுவிலும், ஆண்டு முழுவதும் கண்ணாடி போல் தெளிந்த குளிர்நீர் ஓடலாயிற்று. டிரவுட் மீனுக்கு வேறென்ன வேண்டும்! 1964-ஆம் ஆண்டு முதல் வானவில் டிரவுட் என்னும் வகையை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். அணைக்குக் கீழே சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள லீஸ் ஃபெரி என்னும் இடம் தூண்டில்காரர்களிடையே பெயர் பெற்றது.

ஆனால் அந்தக் குளிர்நீர், ஆற்றின் சொந்தப் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதுகில் திமிலுள்ள ஹம்ப்பேக் சப் என்ற மீன் அந்த ஆற்றுக்கே உரியது. குஞ்சு பொரிக்க அதற்கு வெதுவெதுப்பான நீர் வேண்டும். அதன் தொகை குறைந்து, அழியும் நிலைக்கு வந்துவிட்டது. ஒரு மீனை வாழவைத்த நீர் இன்னொரு மீனை வாட்டியது.

வந்து குடியேறிய டிரவுட் மீனாவது நிம்மதியாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. மின்சாரம் எப்போது தேவையோ அப்போது அணை நீரை விடும். பகலில் ஊரெல்லாம் மின்சாரம் வேண்டும், ஆறு பெருகும். நள்ளிரவில் தேவை குறையும், ஆறு சுருங்கும். இந்த ஏற்ற இறக்கம் நாள்தோறும் நடந்தது. பகலில் நீர் நிறைந்த இடத்தில் இட்ட முட்டை இரவில் வெளியே கிடந்து காயும். நீர் சட்டென்று வடியும்போது குஞ்சு மீன்கள் கரையோரக் குட்டையில் சிக்கித் துடிக்கும்.

இதைக் கண்டு, 1996-ஆம் ஆண்டு ஒரு விதி வகுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் நீரின் அளவை வினாடிக்கு 4,000 கன அடிக்கு மேல் கூட்டக்கூடாது. குறைப்பதானால் 1,500 கன அடிக்கு மேல் குறைக்கக்கூடாது என்று அப்போது வைத்தார்கள். ஒரு கன அடி என்பது ஏறத்தாழ ஒன்றரை மண்ணெண்ணெய்த் தகரம். ஏற்றுவதைவிட இறக்குவதில் ஏன் இத்தனை நிதானம் என்று கேட்பீர்கள். நீர் ஏறினால் மீன் நகர்ந்துகொள்ளும். வேகமாக இறங்கினால் அது சிக்கிக்கொள்ளும். அதனால்தான்.

மீனின் இரைக்கும் இதே துன்பம் வந்தது. சில ஆற்றுப் பூச்சிகள் நீரின் விளிம்பில், கல்லின்மேல் முட்டையிடும். சில மணி நேரத்தில் நீர் இறங்கிவிட்டால் அந்த முட்டைகள் காய்ந்துபோகும். பூச்சி குறைந்தால் மீன் பட்டினி. இதற்கு ஆராய்ச்சியாளர்கள் ஓர் எளிய வழி கண்டார்கள். சனி, ஞாயிறு நாட்களில் மின்சாரத் தேவை குறைவு. ஆகவே 2018-ஆம் ஆண்டு மே முதல் ஆகஸ்டு வரை, வார இறுதியில் நீரைத் தாழ்வாக, ஏற்ற இறக்கமின்றி விட்டார்கள். நீர் மட்டம் தாழ்ந்திருக்கும்போது இட்ட முட்டை, திங்கட்கிழமை நீர் ஏறியதும் நனைந்தே இருக்கும். பூச்சிக்கும் வாரம் இரண்டு நாள் விடுமுறை கொடுத்தது போல!

இன்னொன்றும் செய்தார்கள். வண்டல் வராததால் ஆற்றோர மணல்திட்டுகள் கரைந்துகொண்டே போயின. ஆகவே 1996-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், வேண்டுமென்றே வினாடிக்கு 45,000 கன அடி நீரை ஏழு நாட்கள் திறந்துவிட்டார்கள். ஆற்றடி மணல் கிளம்பிக் கரையில் படிந்தது. 2008-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மீண்டும் திறந்தபோது ஒரு புதுமை நடந்தது. படுகை கழுவப்பட்டதால் டிரவுட் குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்தன. தூண்டில்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் பெருகிய டிரவுட் கீழ்நோக்கிப் போய், திமில் மீன் வாழும் இடத்தில் இரைக்குப் போட்டியிட்டது. அதன் குஞ்சுகளையும் தின்றது. ஒரு வெள்ளம் மூவருக்கு மூன்று விதமாகப் பலன் கொடுத்தது பாருங்கள்.

2022-ஆம் ஆண்டில் கதை மறுபடியும் திரும்பியது. நீண்ட வறட்சியால் ஏரி மிகவும் வற்றியது. ஆழத்தில் இருந்த குழாய் வாய்க்கு, வெயில் பட்ட மேல்நீர் நெருங்கிவிட்டது. ஆற்றுநீர் 20 பாகையைத் தாண்டிச் சூடேறியது. ஏரியில் இருந்த ஸ்மால்மௌத் பாஸ் என்னும் கொடிய மீன், குழாய் வழியே கீழே வந்து குஞ்சு பொரிக்கத் தொடங்கியது. அதைத் தடுக்க, 2024-ஆம் ஆண்டு கோடையில் இன்னும் ஆழமான குழாய்களைத் திறந்து குளிர்நீரைக் கலந்து விட்டார்கள்.

நேயர்களே, இதிலிருந்து தெரிவது என்ன? தண்ணீர் நிறைய வந்ததா, குறைய வந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது. எந்த நேரத்தில் வந்தது, என்ன சூட்டில் வந்தது, எவ்வளவு வேகமாக ஏறி இறங்கியது என்பவைதாம் மீனின் வாழ்வையும் சாவையும் முடிவு செய்கின்றன. மழை ஆறு வானத்துக்குக் கட்டுப்பட்டது. அணைக்குக் கீழே உள்ள ஆறு கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது. அதனால்தான் அங்குள்ள தூண்டில்காரர்கள் வானத்தை மட்டும் பார்ப்பதில்லை. அணையில் எந்த நேரத்தில் எவ்வளவு நீர் விடுகிறார்கள் என்று முன்கூட்டியே வெளியிடப்படும் அட்டவணையையும் பார்த்துவிட்டுத்தான் ஆற்றுக்குப் போகிறார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். பேராக் ஆற்றில் 1930-ஆம் ஆண்டிலேயே செண்டரோ அணை எழுந்தது. கேமரன் மலையில் ரிங்லெட் அணை 1963-இல் முடிந்தது. கெலா மீனும் டிரவுட் போலவே தெளிந்து ஓடும் நீரையும் கல் படுகையையும் விரும்புவதுதான். மலையில் காடழித்து மண் சரிந்தால், அந்த மண் ஆற்றுப் படுகையில் அடைக்கும், அணை ஏரியிலும் படியும். ஏரியில் மண் நிறைந்தால் மழைநீரைத் தாங்கும் இடம் குறையும். கனமழை நாளில் அணையைத் திறந்தே ஆகவேண்டிய நிலை விரைவில் வந்துவிடும். 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் ரிங்லெட் அணையைத் திறந்தபோது, பெர்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் இடிந்தன. உயிர்களும் போயின. மண் அடைத்துக் குறுகிப்போன ஆற்றில், தூங்கும் நேரத்தில் வந்த வெள்ளம் அது.

ஆகவே அணைக்குக் கீழே குடியிருப்போரும் மீன் பிடிப்போரும் சிலவற்றை மறக்கக்கூடாது. 'பஹாயா' என்று அறிவிப்புப் பலகை நட்டிருக்கும் இடத்தில் இறங்காதீர்கள். அபாயச் சங்கு ஊதினால் தூண்டிலையும் மீனையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள். நடு ஆற்றுப் பாறைக்கும் மணல்திட்டுக்கும் போகவேண்டாம். திரும்பும் வழிதான் முதலில் மூழ்கும். கரையில் உட்கார்ந்ததும் நீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். வெயில் அடித்தாலும், அந்தக் குச்சி நனையத் தொடங்கினால் கிளம்பிவிடுங்கள்.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நீர் வடிந்ததும் குட்டைகளில் மீன்கள் துள்ளும். அவற்றைக் கையால் பிடிக்கப் பிள்ளைகள் ஓடுவார்கள். அந்தக் குட்டை சற்றுமுன் ஆறாக இருந்த இடம். அடுத்த முறை நீரைத் திறந்தால் மீண்டும் ஆறாகும் இடம். அங்கே துள்ளும் மீனும் இதை அறியாமல்தான் சிக்கிக்கொண்டது. பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

என்னைக் கரையேற்றிய அந்தப் பெரியவர் அதிகம் படித்தவர் அல்லர். ஆனால் ஆற்றுச் சத்தம் மாறியதை அவர் காது கேட்டது. கையில் சங்கிலி வைத்துக் காட்டுப் பாதையில் நடப்பவனைப் போல, ஆற்றோரத்தில் அவர் காதைத் தீட்டியே வைத்திருந்தார். அந்தக் கவனம் நம் எல்லாருக்கும் வேண்டும்.