கழுவிய கையும் நிலைத்த நிழலும்

இம்மலருக்கெனத் துறையின் பழைய குழுப்படங்களைத் திரட்டியபோது, மறைந்த ஆசிரியர் ஒருவரின் மகனார் ஒரு படியைக் கொண்டு வந்தார். முன்வரிசை முகங்கள் மஞ்சள் பாரித்து அழிந்திருந்தன. தம் தந்தைக்கு வேறு படமே இல்லை என்றார் அவர். நெகட்டிவும் எப்போதோ தொலைந்துபோயிற்று. சில நாள் கழித்து, அதே படத்தின் மற்றொரு படி வேறொரு வீட்டிலிருந்து வந்தது; அதில் அம்முகம் சற்றும் மங்கவில்லை. இவ்வேறுபாடு காலத்தால் விளைந்ததன்று, இருட்டறையில் விளைந்தது.

கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் மையால் ஆனதன்று. ஜெலட்டின் படலத்துள் புதைந்த நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆனது. ஒளிபடாது எஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்தெடுப்பது ஹைப்போ. அதன் அவ்வாற்றலை 1819இல் கண்டவர் ஜான் ஹெர்ஷல். 1839இல் அது புகைப்படக் கலைக்குப் பயன்படலாயிற்று. படத்தை நிலைநிறுத்தும் அதே ஹைப்போ தாளில் தங்கிவிட்டால், நாளடைவில் சிதைந்து, அதன் கந்தகம் வெள்ளியைத் தாக்கும். 1855இல் இலண்டன் போட்டோகிராபிக் சொசைட்டி, படங்கள் மங்குவதை ஆராய ஒரு குழுவை அமைத்தது. எஞ்சிய ஹைப்போவே முதற்காரணம் என அக்குழு கண்டது.

பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளைச் சில நிமிடங்களில் கழுவிவிடலாம். பழைய ஃபைபர் தாளோ ஹைப்போவைத் தன் நார்களுக்குள் உறிஞ்சி எளிதில் விடாது. அதனை ஏறத்தாழ 2 விழுக்காடு சோடியம் சல்பைட்டுக் கரைசலில் 10 நிமிடம் இட்டுப் பின் கழுவினால் ஹைப்போ விரைந்து வெளியேறும். அதன் பின்னும் அரைமணி முதல் ஒருமணி நேரம் புதுநீர் மாறிக்கொண்டே இருத்தல் வேண்டும். நின்ற நீரில் இரவெல்லாம் ஊறவைப்பதால் பயனில்லை; நீரிலும் தாளிலும் ஹைப்போ சமநிலை எய்தியபின் வெளியேற்றம் நின்றுவிடும். சிக்கனம் கருதி ஹைப்போவைச் சலித்துப்போகும்வரை பயன்படுத்துவது இன்னும் கொடிது. அப்போது தாளில் தங்கும் வெள்ளிச் சேர்மங்களை எவ்வளவு நீரும் அகற்றாது. தேர்ந்தோர் இரு தட்டுகளில் ஹைப்போ வைத்து, இரண்டாவதை எப்போதும் புதிதாகக் காப்பர்.

கழுவிய பின்னும் வெள்ளி வெள்ளியே. காற்றின் மாசு அதனைத் தீண்டும். ஆகவே அதனை உறுதியான வேறு பொருளாக மாற்றுவர், இதுவே டோனிங். செலினியத்தில் இட்டால் வெள்ளி செலினைடு உண்டாகும். நஞ்சாதலின் கையுறையும் காற்றோட்டமும் இன்றியமையாதன. பழுப்பு நிறம் தரும் கந்தக முறையில், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் புரோமைடும் கலந்த கரைசல் படத்தை முதலில் வெளுப்பிக்கும். பின்னர்ச் சோடியம் சல்பைடு அதனை வெள்ளி சல்பைடாக மீட்டுத் தரும். அறை முழுதும் அழுகிய முட்டை நாற்றம் வீசும் என்பது வேறு. இங்கே ஒரு பொறி உண்டு. முன்னரே நன்கு கழுவாவிடில், எஞ்சிய ஹைப்போ ஃபெர்ரிசயனைடுடன் கூடி வெள்ளியையே கரைத்துவிடும். 1883இல் ஃபார்மர் என்பார் படத்தின் கருமையைக் குறைக்கக் கண்ட கரைசல் அக்கலவையே. நீர்ச்சிக்கனம் இவ்விடத்தில் முகத்தையே விலையாகக் கேட்கும்.

கழுவியது போதுமா என அறிய, அசெட்டிக் அமிலம் கலந்த வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் ஒரு துளியை வெண்ணிற ஓரத்தில் இடுவர். கறை ஆழ்ந்த பழுப்பானால் ஹைப்போ மிஞ்சியுள்ளது எனக் கொள்ளலாம்.

இம்மலரில் அச்சாகியிருப்பது அந்த மங்காத படி. அதில் இளம்பழுப்புச் சாயல் தெரிவதால் கந்தக முறையில் டோனிங் செய்யப்பெற்றதாகலாம் என எண்ணுகிறோம். ஓரத்தில் ஒரு துளி இட்டுப் பார்க்க மட்டும் நமக்கு மனம் வரவில்லை.